எக்ஸ்ட்ரா கொடுக்காத நிலவழகன்

“ஒத்த ரூபா கூட எக்ஸ்ட்ராவா குடுக்க மாட்டேன். இது எங்கப்பன் மேல சத்தியம்!”

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பீட்டர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் நின்றுகொண்டு நிலவழகன் இப்படிக் கத்தினார். ஆதாரில் பெயர் திருத்த வந்திருந்தவர்கள் தங்கள் பெயரையே மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொற்கொடி மட்டும் திரும்பவில்லை. அவருக்கு இது பழகிய சத்தம்.

நிலவழகன் சாதாரண ஆள் இல்லை. ஊரில் ‘நிலா மஹால்’ என்று ஒரு கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். கோபம் அவருக்குக் காப்பி மாதிரி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, விருந்தாளி வந்தால் கூட ஒன்று. ஆனால் அன்றைக்கு வந்தது அண்டா நிறையக் காப்பி.

விஷயம் இதுதான். ஒரே மகள் இலக்கியா சிங்கப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கு அங்கே கப்பல் பட்டறையில் இன்ஜினியர் வேலை. இலக்கியாவுக்குத் தலைப்பிரசவம். விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பெற்றவர்கள் இருவரும் அங்கே போவதென்று முடிவானது. செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், ஆறாயிரம் ரூபாய். நிலவழகன் அந்தப் போனைக் கும்பிடாத குறையாகத் தூக்கிக்கொண்டு பீட்டரிடம் ஓடிவந்தார்.

“அண்ணே, இதுல ‘முதல்’னு பொடி எழுத்துல இருக்கு பாருங்க. ஆறாயிரம் முதல்” என்றான் பீட்டர்.

“முதல்னா?”

“அங்கேருந்து ஆரம்பிக்கும்.”

“எங்கிட்டுப் போயி முடியும்?”

“அது நம்ம கையிலதான் இருக்குண்ணே. பை கொண்டு போறீங்களா?”

“பின்ன? வெறுங்கையோடவா பேரப்புள்ளையப் பாக்கப் போவாங்க?”

“கையில ஏழு கிலோ சும்மா கொண்டு போகலாம். அதுக்கு மேலன்னா காசு. சரி, சீட்டு வேணுமா?”

“சீட்டு எடுக்கத்தானடா வந்திருக்கேன்!”

“அது டிக்கெட்டுண்ணே. நான் கேக்குறது உக்கார்ற சீட்டு.”

“சீட்டு எடுத்தவனுக்குச் சீட்டு கெடையாதா?”

“இருக்கு. ஆனா எந்தச் சீட்டுன்னு நீங்க சொல்லணும்னா அதுக்குத் தனி.”

“நின்னுக்கிட்டே வாரேன்னு போடு.”

“நிக்க விட மாட்டாங்கண்ணே.”

“உக்காருன்னு சொல்றவன் அவன். அதுக்குக் காசு நானா?”

பீட்டர் அடுத்த பொத்தானை அமுக்கினான். சாப்பாடு வேண்டுமா என்றது கம்ப்யூட்டர். காசு. தண்ணீர்? அதற்கும் காசு. முதலில் ஏற வேண்டுமா? காசு. விமானத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே விலை ஏறிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் வேண்டாம், வேண்டாம் என்று நிலவழகன் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று மட்டும் தள்ள முடியாமல் நின்றது.

“இது கன்வீனியன்ஸ் ஃபீஸ்ண்ணே. சௌகரியக் கட்டணம்.”

“என்னடா சௌகரியம் பண்ணிக் குடுத்தான்?”

“ஆன்லைன்ல காசு கட்ட விடுறான்ல, அதுக்கு.”

“காசு வாங்கிக்கிறதுக்கே காசா!”

“இதக் கட்டலைன்னா டிக்கெட்டே வராதுண்ணே.”

கட்டினார். அந்தக் கட்டணம் முள்ளாக நெஞ்சில் தைத்தது. அந்த வலியில் பிறந்ததுதான் முதலில் சொன்ன சத்தியம். “ப்ளேன் பறக்குதோ இல்லையோ, அவன் காசுக்குப் பறக்குறான்டா!” என்று ஒரு கூடுதல் கத்தலும் கத்தினார். அதற்கு மட்டும் கட்டணம் இல்லை.

“திரும்பி வர்ற தேதிண்ணே?” என்றான் பீட்டர்.

“பத்து நாள்.”

அப்போதுதான் பொற்கொடி வாயைத் திறந்தார். “பச்ச ஒடம்புக்காரிய பத்து நாள்ல விட்டுட்டு வரணுமா? ஒரு மாசமாச்சும் கூட இருந்தாத்தானே அவளால எந்திரிச்சு நடக்க முடியும்?”

“ஆவணி முகூர்த்தமெல்லாம் வரிசையா நிக்குது. பாத்திர ரூமை யாரு தொறந்து குடுக்குறது? எனக்குச் சோறு யாரு போடுறது?”

பொற்கொடி பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நிலவழகன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்துவரும் தப்பு அது.

அந்த வார முகூர்த்தத்தில் குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து இருளாண்டி என்பவர் நிலா மஹாலில் தன் மகளுக்குக் கல்யாணம் நடத்தினார். மறுநாள் கணக்கு முடிக்க வந்தவர், நிலவழகன் சொன்னதைக் கேட்டுத் துண்டை உதறிவிட்டு எழுந்து நின்றார்.

“ஜெனரேட்டருக்கா? கரண்டே போகலையேண்ணே!”

“போனா ஓடுறதுக்குத் தயாரா நின்னுச்சுல்ல? நின்னதுக்கு.”

“எலை எடுக்குறதுக்குன்னு போட்டிருக்கீங்க. எலைய எங்க ஆளுகதானே எடுத்தாக?”

“எடுத்து எங்க போட்டாக? என் தொட்டியில. தொட்டிக்கு வாடகை.”

“மண்டப வாடகைன்னு ஒரு தொகை பேசுனோமே, அது எதுக்கு?”

“மண்டபம்னா சுவரும் கூரையும். மத்ததெல்லாம் வசதி. வசதி வேணும்னா தனி.”

“இம்புட்டுனு மொதல்லயே சொல்லியிருந்தா இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டேன்யா!” இருளாண்டிக்குக் கண் சிவந்துவிட்டது. பணத்தை மேசையில் வீசாத குறையாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

பாத்திர ரூம் சாவியோடு கதவோரம் நின்றிருந்த பொற்கொடி கேட்டார்: “ஏங்க, அந்த ப்ளேன்காரன் ஒங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டானா?”

“ஏய், அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அவன் கம்பெனி. நான் மனுசன்.”

“அப்ப ஒங்களுக்குத்தான் கூட வெக்கம் இருக்கணும்” என்றார் பொற்கொடி. வழக்கமாக அவர் இதோடு நிறுத்திவிடுவார். அன்றைக்கு நிறுத்தவில்லை. மகளை நினைத்து மூன்று நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது இப்போது பொங்கி வந்தது. “பை கொண்டு போறவன்ட்ட பைக்குக் காசு வாங்குறான்ல, அது எனக்கு நியாயமாத்தான் படுது. பையே இல்லாதவன் எதுக்கு அடுத்தவன் பைக்குச் சேத்து அழணும்? ஆனா மனுசன ஆகாசத்துல கொண்டு போயி வச்சுக்கிட்டு தண்ணிக்கு வெலை சொல்றான் பாருங்க, அது அநியாயம். எறங்கிப் போயி வேற கடையில குடிக்க முடியுமா? இருளாண்டி அண்ணனையும் அப்படித்தானே பண்ணுனீங்க? பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தப்புறம், பொண்ணக் கூட்டிக்கிட்டு வேற மண்டபத்துக்கு ஓட முடியுமா அவரால? நீங்களும் ஆகாசத்துல வச்சுத்தான் கேட்டீங்க.”

பதில் தெரியாதபோது நிலவழகன் சத்தத்தைக் கூட்டுவார். “மொதல்ல சோத்தப் போடு!”

பொற்கொடி போட்டார். கரண்டி தட்டில் பட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. குழம்பை ஊற்றிக்கொண்டே கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். “நீங்க பத்து நாள்ல வாங்க. நான் ஒரு மாசம் இருந்துட்டு வாரேன். தேதிய மட்டும் மாத்தச் சொல்லுங்க.”

“தேதி மாத்துனா அதுக்கும் காசு கேப்பான். அப்பன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். ஜோடியாப் போறோம், ஜோடியா வாரோம். அம்புட்டுதான்.”

“சரிங்க” என்றார் பொற்கொடி.

அந்தச் ‘சரிங்க’ கேட்டு நிலவழகன் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார்.

போகிற நாள் வந்தது. காருக்குக் காசு என்று விராலிமலை வழியாகப் பஸ்ஸிலேயே திருச்சி போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கைப்பை, ஏழு கிலோவுக்கு ஒரு குண்டுமணி கூட அதிகமில்லை. இலக்கியாவுக்காகப் பொற்கொடி சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி எல்லாம் போட்டு நெய் விட்டுக் கிண்டிய பிரசவ லேகியம் ஒரு டப்பா நிறைய நிலவழகன் பையில் இருந்தது. அதைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று பொற்கொடி முன்னாலேயே சொன்னார். “பைய லக்கேஜ்ல போடச் சொல்லி என்கிட்டக் காசு புடுங்கப் பாக்குறியா? அவன் கட்சியா நீ?” என்று நிலவழகன் எரிந்து விழுந்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பையைச் சோதிக்கும் இடத்தில் வடநாட்டு அதிகாரி ஒருவர் டப்பாவை வெளியே எடுத்தார்.

“இது போகாது. பேஸ்ட்.”

“பேஸ்ட் இல்ல சார்! பல்லு வெளக்குறது இல்ல இது. லேகியம். மருந்து!”

“பேஸ்ட் மாதிரி எதுவும் கையில போகாது. திரும்பிப் போய் லக்கேஜில் போடுங்க. இல்லேன்னா அந்தத் தொட்டியில் போடுங்க.”

லக்கேஜில் போட எவ்வளவு என்று விசாரித்தார். வீட்டிலிருந்து கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் வந்து கட்டினால் அதைப் போல இரண்டு மடங்கு. நிலவழகனின் காது நுனி வரை சிவந்தது. டப்பாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“வயித்துல போட்டுக்கிட்டா எடை கேக்க மாட்டான்ல?”

“ஐயோ, அது புள்ள பெத்தவளுக்குங்க!”

“காசு போட்டுக் கிண்டுனது. குப்பையில போட நான் என்ன கேணப்பயலா?”

வரிசையில் நின்றவர்கள் பார்க்க, அதிகாரி பார்க்க, பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வைத்துச் சாப்பிட வேண்டிய லேகியத்தை நிலவழகன் ஆத்திரத்தோடு விரலால் வழித்து வழித்துத் தின்று தீர்த்தார். காலி டப்பாவை அதிகாரியிடம் நீட்டி, “இப்ப போகுமா?” என்றார்.

போனது.

விமானத்தில் பொற்கொடிக்கு முன்பக்கம் ஜன்னலோரம் விழுந்தது. நிலவழகனுக்குக் கடைசி வரிசை, நடு இருக்கை, முதுகுக்குப் பின்னால் கழிப்பறை. இந்தப் பக்கம் ஒருவர் குறட்டை, அந்தப் பக்கம் ஒருவர் முழங்கை. விமானம் மேலே ஏற ஏற, வயிற்றுக்குள் லேகியமும் ஏறியது. சுக்கு ஒரு பக்கம், திப்பிலி ஒரு பக்கம். காது வழியாக ஆவி வருகிற மாதிரி இருந்தது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தள்ளுவண்டியோடு வந்த பெண்ணிடம் தண்ணீர் கேட்டார்.

“மூணு டாலர், சார்.”

ரூபாயாக மாற்றிப் பார்த்தார். “எங்க ஊர்ல இந்தக் காசுக்கு லாரித் தண்ணி வரும்!”

“இங்கே லாரி வராது, சார்” என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள்.

கீழே பார்த்தால் கடல். கடல் நிறையத் தண்ணீர். அதுவே அவர் கோபத்தை இன்னும் கிளப்பியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார். பொற்கொடி சாவகாசமாக ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார். நிலவழகன் அதைப் பிடுங்கிக் குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

“காசு குடுத்தா வாங்குன?” மூச்சு வாங்கியபடி கேட்டார்.

“காலி பாட்டில உள்ள விடுவாங்க. சோதனை முடிஞ்சு உள்ள வந்ததும் குழாய் இருக்கு, புடிச்சுக்கிட்டேன். பீட்டர் தம்பிதான் சொல்லுச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க.”

சிங்கப்பூரில் இறங்கியதும் மாப்பிள்ளை சிவபிரகாஷ், லேகியம் போன கதையைக் கேட்டுவிட்டு, “இங்க நம்மாளுங்க கடையில எல்லாம் கிடைக்கும் மாமா, அதுக்குப் போய் ஏன்...” என்று ஆரம்பித்தார். நிலவழகன் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இரண்டொரு நாளில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது நிலவழகனுக்குப் பேச்சே வரவில்லை. சத்தம் போடாமல் அவர் ஒரு முழு நிமிடம் இருந்ததைப் பார்த்து, பொற்கொடிக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய ஆளாகிவிட்டார். இலக்கியா கட்டிலிலிருந்து எழ வேண்டுமென்றால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், துணி அலசுவது எல்லாம் பொற்கொடி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிலவழகன், “நாளன்னைக்குக் கெளம்பணும், ஞாபகம் இருக்கட்டும்” என்றார். இலக்கியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பொற்கொடியின் போன் ‘டிங்’ என்றது.

“இலக்கியா, இது என்னன்னு பாரு. ப்ளேன் கம்பெனில இருந்து வந்திருக்கு.”

இலக்கியா வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “தேதிய ஃப்ரீயா மாத்திக்கலாமாம்மா. ஒரு பைசா கட்ட வேணாமாம்.”

நிலவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஃப்ரீயாவா? எனக்கு வரலையே!”

“சில பேருக்கு மட்டும்தானாம்ப்பா. குலுக்கல் மாதிரி.”

“அதெல்லாம் நமக்கு வேணாம்டி” என்று பொற்கொடி போனை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். “சொன்னபடி நான் அப்பாவோட போறேன். அங்கிட்டு மஹால் கெடக்கு, முகூர்த்தம் கெடக்கு, அவருக்குச் சோறு கெடக்கு.”

“அடியே!” நிலவழகன் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. “அவன் ஜென்மத்துல மொதத் தடவையா ஒண்ணு சும்மா குடுக்குறான். அத வேணாம்ங்குறியா? பைக்குப் புடுங்கினான், தண்ணிக்குப் புடுங்கினான், காசு கட்டுறதுக்கே காசு புடுங்கினான். இப்பத்தான் வசமா மாட்டியிருக்கான். விடுறதா?”

“ஒங்களுக்குச் சோறு?”

“சோறு என்ன பெரிய சோறு! மெஸ்ஸுல தின்னுக்கிறேன்.”

“பாத்திர ரூம் சாவி?”

“எங்கிட்டக் குடு. எனக்குத் தொறக்கத் தெரியாதா? இலக்கியா, எம்புட்டு நாள் வரைக்கும் தள்ளலாம்?”

“ஒரு மாசம் வரைக்கும்ப்பா.”

“அப்பக் கடைசி நாளாப் போடு! ஒரு நாள் கூட அவனுக்கு விட்டுக் குடுக்கக்கூடாது!”

“நான் போயிடுறேன்ங்க...” என்று பொற்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“இரு! நான் சொல்றேன், இரு!” என்று அதட்டி, போனைப் பிடுங்கி, மகள் காட்டிய இடத்தில் நிலவழகன் தன் கட்டை விரலாலேயே அமுக்கினார். தேதி மாறியது. அந்தக் கம்பெனியையே ஒரு விரலால் நசுக்கிவிட்ட திருப்தி அவருக்கு. அன்றைக்கு இரவு அவர் விட்ட குறட்டை, கடைசி வரிசைக்காரருடையதையும் மிஞ்சியது.

தனியாகவே ஊருக்குத் திரும்பினார். ஜெயித்த மனிதனுக்கு நடு இருக்கை கூட உறுத்தவில்லை.

ஊரில்தான் உறுத்த ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பாடு ஒரு விலை, தயிருக்குத் தனி, அப்பளம் இன்னொன்று கேட்டால் தனி, பார்சல் டப்பாவுக்குத் தனி. இலை போட்டவனிடம் சண்டை, கல்லாவில் இருந்தவரிடம் சண்டை. பாத்திர ரூமில் எந்த அண்டா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முகூர்த்தக்காரர்களோடு சண்டை. சண்டை போட்டுக் களைத்து வீட்டுக்கு வந்தால், பதிலுக்குச் சண்டை போட ஆளில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, யாரிடம் கத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூடத்தில் நிற்பார்.

ஒரு நாள் ஆறுதலுக்காகப் பீட்டர் சென்டருக்குப் போனார். அங்கே இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

“அந்தக் கம்பெனிக்காரனையே மண்டி போட வச்சுட்டேன்டா. என் சம்சாரத்துக்குத் தேதிய ஃப்ரீயா மாத்திக் குடுத்தான். ஒரு பைசா கெடையாது!”

பீட்டர் தட்டச்சை நிறுத்தினான். “ஃப்ரீயாவா? அப்படியெல்லாம் அவங்க குடுக்க மாட்டாங்களேண்ணே.”

“இலக்கியா வாசிச்சுக் காட்டுச்சுடா. குலுக்கல்ல விழுந்துச்சாம்.”

“குலுக்கலா?” பீட்டர் தலையைச் சொறிந்தான். “நீங்க டிக்கெட் போட்டுட்டுப் போன நாலஞ்சு நாள்லயே அண்ணி வந்தாங்களேண்ணே. தேதி மாத்திக்கிற வசதிக்குன்னு தனியாக் காசு கட்டிட்டுப் போனாங்க. கன்வீனியன்ஸ் ஃபீஸைக் கூட மொகம் சுளிக்காமக் குடுத்தாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?”

நிலவழகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தியம், லேகியம், கட்டை விரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து போயின. கோபம் வந்தது. வந்த கோபம் யார் மேல் போவதென்று தெரியாமல் நின்றது.

“சரி, போகட்டும்” என்றார் கடைசியில். “இன்னும் ஒரு வாரந்தானே. வந்துருவா.”

பீட்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அந்த வசதியில, எத்தன தடவ வேணாலும் மாத்திக்கலாம்ணே.”